இரட்டித்தலும் தடுத்தலும்: பழ ஈயின் உயிரணுவிற் புரதங்கள் ஆற்றும் தொழில்

ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதும் தொழிலின் நலமும் தீங்கும் தமிழ் பயில்வார் நன்கறிந்தவை. ஒரு மூலத்தினின்றும் பல படிகள் தோன்றும். எழுதுவோன் கண் பிறழ்ந்த இடத்து அடியொன்று விடுபடும். செல் அரித்த இடத்து ஏடே இல்லாதொழியும். புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் நமக்குக் கிடைத்தில. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் அவ்வாறே மறைந்தன. இத்தகைய இடைவெளிகளை இழப்பு எனக் கொள்வதே பதிப்பாசிரியர் மரபு. அது முறையும் ஆகும். ஆயின், உயிர்களின் உடலகத்தே நாள்தோறும் நிகழும் ஒரு பெயர்த்தெழுதலில் இடைவெளி யாவும் இழப்பு ஆவதில்லை. அவற்றுட் சில, இன்ன இடத்தை விடுக என்னும் விதியினால் விடப்பட்டவை. அவ்விதியை நடத்தும் புரதங்களும் உள. இவ்வுண்மை பழ ஈ என்னும் சிற்றுயிரைக் கொண்டு தெளிவுற அறியப்பட்டது. அதனைத் தமிழில் எடுத்துரைத்தலும், அதற்கு வேண்டும் சொற்களை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதுகலை வகுப்பிற் கலைச்சொல்லாக்கம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவே இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய். டி.என்.ஏ. தன்னைப்போல் மற்றொன்றை ஆக்கிக்கொள்வதும் படியெடுத்தல், டி.என்.ஏ.யினின்றும் ஆர்.என்.ஏ. ஆக்கப்படுவதும் படியெடுத்தல் எனில், இரண்டனுக்கும் வேறுபாடு யாது என்று அவர் வினவினார். வினா நேரியது. முன்னதில் நூல் முழுதும் இரண்டாகிறது. பின்னதில் நூலின் ஒரு பகுதி மட்டும் வேண்டும்பொழுது வேறோர் ஏட்டில் எடுத்தெழுதப்படுகிறது. அதன்பின் அவ்வாசகம் புரதமாக ஆக்கப்படுவதை மொழிபெயர்ப்பு என்பர். நால்வகை எழுத்தால் ஆன மொழி இருபதுவகை அமினோ அமிலங்களால் ஆன மொழியாக மாறுதலின் அப்பெயர் பொருந்தும். ஆகவே படியெடுத்தல் என்னும் சொல்லை இரண்டாவது செயலுக்கே வைத்துக்கொண்டு, முதலாவதனை இரட்டித்தல் என வழங்குதல் நன்று. பள்ளிப் பாடநூல்களிலும் இரட்டிப்பு என்னும் வழக்கு உண்டு. அவ்வழக்கு எதிர்பாராத அளவிற்குப் பொருத்தமானது என்பதே என் கருத்து. காரணம் பின்னர்க் காட்டப்படும்.

டி.என்.ஏ. என்பது இரண்டு நீண்ட இழைகள் ஒன்றையொன்று சுற்றி அமைந்தது. இழைதோறும் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் எழுத்துகள்போல் வரிசையாக நிற்கும். ஓர் இழையில் அடினின் நிற்கும் இடத்திற்கு நேரே மற்றதில் தைமினும், குவானினுக்கு நேரே சைட்டோசினும் நிற்கும். ஆதலின் ஓர் இழையை அறிந்தால் மற்றதனைப் பிழையின்றி எழுதிவிடலாம். இவ்வமைப்பை வாட்சன், கிரிக் ஆகிய இருவரும் 1953இல் வெளியிட்டனர். இரட்டிக்கும்போது பழைய இழைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் புதியதோர் இணையைப் பெறும் என்பதை மெசெல்சன், ஸ்டால் என்போர் 1958இல் ஆய்வால் நிறுவினர். பெயர்த்தெழுதியபின் மூல ஏடு ஒருபுறமும் படி ஒருபுறமும் கிடப்பது நம் வழக்கம். இங்கோ மூலத்திற் பாதியும் புதியதிற் பாதியுமாக இரு நூல்கள் உண்டாகின்றன. எது மூலம், எது படி என்று கேட்டால் விடை இல்லை.

கேட்பதற்கு இஃது எளிது. எனினும் இதன்கண் பெரியதொரு சிக்கல் உண்டு. அச்சிக்கலை வெளிப்படையாக எழுப்பியவருள் ஒருவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று வளர்ந்தவர் என்பதனால் அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைத்தல் தகும்.

அடையாற்றிற்கு அணித்தாகிய கிண்டி வளாகத்தில் 1952 முதலாக இயற்பியல் துறையை நடத்தியவர் கோ. நா. இராமச்சந்திரன். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாணைப் பெற்று ஆராய்ந்து, தோலுக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் கொல்லாசன் என்னும் புரதம் மூன்று இழைகளால் முறுக்குண்டது என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அறிவித்தனர். 1963இல் இராமச்சந்திரன், இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகிய மூவரும், புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் வளைய இயலும், எவ்வெக் கோணங்களில் இயலாது என்பதைக் காட்டும் படம் ஒன்றை வரைந்து வெளியிட்டனர். இன்று உலகில் எந்தப் புரதத்தின் வடிவம் கண்டறியப்படினும், அவ்வடிவம் ஏற்புடையதா என இராமச்சந்திரன் படத்தைக்கொண்டு சரிபார்ப்பர். நாம் ஈண்டுப் பேசும் பழ ஈயின் புரதங்களும் அவ்வுரைகல்லில் உரைக்கப்பட்டனவே.

அம்மூவருள் ஒருவராகிய வி. சசிசேகரன் பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பணியாற்றியபோது, 1976இல், டி.என்.ஏ.யின் இழைகள் ஒன்றையொன்று முழுவதும் சுற்றியவை அல்ல, பக்கம் பக்கமாக அமைந்தவை என்னும் மாற்றுக் கொள்கையை முன்வைத்தார். அதே ஆண்டில் நியூசிலாந்தில் ராட்லி என்பவரும் உடனாய்வாளரும் இத்தகைய கொள்கையையே வெளியிட்டனர். இதற்குத் தூண்டுகோலாய் நின்ற ஐயம் யாதெனின், ஒன்றையொன்று சுற்றிய இழைகள் எங்ஙனம் பிரியும் என்பதே. ஏறத்தாழப் பத்து எழுத்திணைக்கு ஒரு முறுக்கு வீதம் இழைகள் சுற்றியுள்ளன. பழ ஈயின் பெரிய குரோமோசோம் ஒன்றில் சற்றேறக்குறைய 6 கோடி எழுத்திணைகள் உண்டு. ஆகவே ஒருமுறை இரட்டிப்பதற்கு 60 இலட்சம் முறுக்குகள் அவிழ வேண்டும். இரு புரியாகத் திரித்த கயிற்றை நடுவே பிடித்துப் பிரித்துப் பார்த்தவர்க்கு இதன் இடர்ப்பாடு புலனாகும். பிரிக்கப் பிரிக்க, எஞ்சிய பகுதி மேன்மேலும் இறுகிச் சிக்குண்ணும்.

சசிசேகரனுடைய கொள்கை நிலைபெறவில்லை. கிரிக், ஜேம்ஸ் வாங், பாவர் ஆகியோர் 1979இல் எழுதிய கட்டுரை, இழைகள் உண்மையாகவே ஒன்றையொன்று சுற்றியுள்ளன என்பதற்குரிய சான்றுகளைத் தொகுத்துரைத்தது. ஆயின் கொள்கை வீழ்ந்ததனால் ஐயமும் வீழ்ந்தது எனக் கருதுதல் தவறு. ஐயத்திற்கு விடையாக வந்தவை சில புரதங்கள். முறுக்கை அவிழ்க்கும் நொதி ஒன்றை வாங் என்பவரே 1971இல் நுண்ணுயிரொன்றிற் கண்டிருந்தார். 1980இல் சியே, புருட்லாக் என்போர் பழ ஈயின் கருவினின்றும் எடுத்த நொதி அதனினும் வியத்தகு தொழிலுடையது. அஃது இரட்டையிழை ஒன்றை அறுத்து, அப்பிளவின் வழியே மற்றோர் இரட்டையிழையைச் செலுத்தி, அறுத்த இடத்தை வடுவின்றி ஒட்டிவிடும். சிக்கலை அவிழ்ப்பதற்கு இதனினும் குறுக்குவழி இல்லை. நல்ல ஐயத்தை எழுப்பியவர் தவறான விடையைக் கூறினும் ஆராய்ச்சிக்கு உதவியவரே ஆவர். தமிழ் இலக்கிய வரலாற்றுக் காலவாராய்ச்சியில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல உண்டு. அவற்றை ஈண்டு விரிப்பின் பெருகும்.

இனிப் பழ ஈக்கு வருவோம். கனிந்து அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிறு பூச்சி இது. டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்பது அறிவியற்பெயர். முட்டை பத்து நாளில் ஈயாகிவிடும். வளர்க்கும் செலவும் சிறிது. இதனால், தாமஸ் ஹண்ட் மார்கன் 1910இல் வெண்கண் ஈ ஒன்றைக் கண்டு ஆராயத் தொடங்கிய நாள் முதல் மரபியலார்க்கு இஃது உற்ற துணையாயிற்று. இரட்டித்தலை ஆராய்வார்க்கு இதன்கண் தனிச்சிறப்பு ஒன்று உண்டு: ஒரே உயிரின் வாழ்நாளில் இரட்டித்தல் மிக விரைந்தும், மிக மெதுவாகவும், ஓரிடத்து மிகுந்தும், ஓரிடத்துக் குறைந்தும் நிகழ்வதை இதனுட் காணலாம்.

இரட்டிக்கும் இடத்தில் இழைகள் பிரிந்து நிற்கும் தோற்றம், ஆடு மேய்ப்பார் கைக்கோலின் நுனிபோல் இருத்தலின், அதனைக் கவை என்போம். கவை ஒன்று பழ ஈயில் நிமிடத்திற்குச் சுமார் 2,600 எழுத்துகளைக் கடக்கிறது என்று புளுமென்தால், கிரீக்ஸ்டைன், ஹாக்னெஸ் ஆகியோர் 1974இல் அளந்தறிந்தனர். பெரிய குரோமோசோமின் நடுவே ஓரிடத்தில் மட்டும் தொடங்கி இருபுறமும் கவைகள் சென்றால், ஒவ்வொன்றும் 3 கோடி எழுத்துகளைக் கடக்க எட்டு நாள் ஆகும். முட்டையினின்றும் புழு வெளிவருவதோ ஏறக்குறைய ஒரே நாளில்! கருவின் தொடக்கத்தில் உட்கரு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பதின்மூன்று முறை பெருகும்போது, முற்பட்ட முறைகளில் இரட்டித்தல் மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இஃது எங்ஙனம் இயலும்? கவையின் வேகம் கூடவில்லை. தொடங்கும் இடங்களே கூடின. கருவில் சராசரி 7,900 எழுத்துகளுக்கு ஒரு தொடக்கம் இருந்ததை அவர்கள் மின்னணு நுண்பெருக்கியிற் கண்டனர். பெரிய நூலொன்றை ஒரே இரவிற் பெயர்த்தெழுத வேண்டின், ஏட்டுக் கட்டைப் பிரித்து ஆளுக்குச் சில ஏடாகப் பலரிடம் கொடுத்தல் போன்றது இது.

பலர் எழுதினால் ஓர் ஏட்டை இருவர் எழுதிவிடுதலும் கூடும். சுவடியில் அதனாற் பெருங்கேடு இல்லை, மிகையைக் களைந்துவிடலாம். பிளவுற்றுப் பெருகும் உயிரணுவிலோ, ஒரு பகுதி இருமுறை இரட்டித்தால் குரோமோசோம் சிதையும். ஆதலின் ஒவ்வொரு தொடக்கமும் ஒருமுறைக்கு மேற் செயற்படாதவாறு காக்கும் ஏற்பாடு உண்டு. ஆறு புரதங்கள் சேர்ந்த தொடக்கமறி தொகுதி முதலில் டி.என்.ஏ.யைப் பற்றும். பழ ஈயினின்றும் எடுத்த இத்தொகுதியின் வடிவம் 2015இல் வெளியிடப்பட்டது. அது, வேறு இரண்டு துணைப் புரதங்களின் உதவியால், எம்.சி.எம். என்னும் ஆறுறுப்பு வளையத்தை டி.என்.ஏ.யின்மேல் ஏற்றும். ஏறிய வளையம் உடனே ஓடாது. அனுமதி பெற்றுக் காத்திருக்கும். உரிய காலம் வந்ததும் மற்றும் ஐந்து புரத உறுப்புகள் வளையத்தோடு சேர, பதினோருறுப்புத் தொகுதியாகிய பிரிபொறி இழைகளைப் பிரித்துக்கொண்டு புறப்படும். இப்பதினொன்றும் ஒருங்கே இயங்கும் ஒரே தொகுதி என்பதைப் பழ ஈயின் கருவினின்றும் பிரித்தெடுத்துக் காட்டியவர் பெர்க்லியைச் சேர்ந்த மைக்கேல் பாட்சனும் அவர் குழுவினரும், ஆண்டு 2006. புறப்பட்டபின் புதிய வளையம் ஏறாதிருக்க, ஜெமினின் என்னும் புரதம் துணைப் புரதங்களுள் ஒன்றைக் கட்டிவைக்கும். பிளவு முடியுங்கால் ஜெமினின் அழியும். அடுத்த முறைக்கு வழி திறக்கும்.

இரட்டித்தல் என்னும் சொல் பொருத்தமானது என மேலே கூறியதற்குக் காரணம் இதுவே. ‘கல்’ என்பதன்முன் ‘எடுத்தான்’ வரின் கல்லெடுத்தான் என ஒற்று இரட்டிக்கும். ‘பால்’ என்பதன்முன் அதுவே வரின் பாலெடுத்தான் என்றே நிற்கும். எழுத்து ஒன்றே, சூழல் வேறு. ஒற்று தானே இரட்டிப்பதில்லை, முன்னும் பின்னும் நிற்பன இசைந்தாலன்றி. தமிழிலக்கணத்தில் இரட்டித்தல் என்பது இடம் நோக்கிய நிகழ்ச்சி. உயிரணுவிலும் அவ்வாறே. படியெடுத்தல் என்னும் சொல்லில் இக்குறிப்பு இல்லை.

இவ்விதிக்குப் புறனடையாகப் பழ ஈயின் உடலில் இரு நிகழ்ச்சிகள் உள. ஒன்று மிகை, மற்றொன்று குறை. முட்டையைச் சூழ்ந்து அதற்கு ஓடு அமைக்கும் உயிரணுக்கள் சில மணி நேரத்துள் பெருமளவு ஓட்டுப் புரதத்தை ஆக்க வேண்டியுள்ளன. அதற்கென அவை, ஓட்டுப் புரதங்களின் மரபணுக்கள் உள்ள இடத்தில் மட்டும் மீண்டும் மீண்டும் இரட்டித்தலைத் தொடங்கி, மூன்றாம் குரோமோசோமில் அப்பகுதியை 60 முதல் 80 மடங்கு வரை பெருக்கிக்கொள்ளும். ஸ்பிராட்லிங், மகோவால்டு என்போர் 1980இல் இதனை வெளியிட்டனர். இவ்வுயிரணுக்கள் இனிப் பிளவுறப் போவதில்லை. தொழில் முடிந்ததும் அழிவன. ஆதலின் மிகையால் தீங்கில்லை.

குறைக்கு எடுத்துக்காட்டு புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பி. அங்கு உயிரணு பிளவுறாமலே டி.என்.ஏ. பத்து முறையளவு இரட்டித்து, ஆயிரத்திற்கு மேற்பட்ட இழைகள் ஒருங்கே கட்டிய கட்டாகிவிடும். எளிய நுண்பெருக்கியிலும் பட்டை பட்டையாகத் தோன்றும் பருத்த குரோமோசோம்கள் இவையே. ஆயின் நூல் முழுதும் ஆயிரம் மடங்கு ஆகியிருக்கும் என எண்ணற்க. குரோமோசோமின் நடுக்கட்டைச் சார்ந்த இறுகிய பகுதிகளும், வேறு சில இடங்களும் மிகச் சிலமுறையே இரட்டித்து நின்றுவிடுகின்றன. இதனைக் குறையிரட்டிப்பு என்பர். இதற்குக் காரணம் அப்பகுதிகளின் இறுக்கமே, கவை அதனுட் புக இயலாது நின்றது போலும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. செல்லரித்த ஏட்டை எழுத இயலாது விட்டமை போன்ற விளக்கம் அது.

1998இல் ரஷ்ய நாட்டு நோவோசிபிர்ஸ்க் நகரத்துப் பெலியாயேவா, ஜிமுலெவ் முதலியோர் கண்ட செய்தி இவ்விளக்கத்தை மாற்றியது. ஒரு மரபணு கெட்டுப்போன ஈக்களில் அவ்விடங்கள் குறைவின்றி இரட்டித்திருந்தன! இறுக்கம் மட்டுமே காரணமாயின், ஒரு புரதம் இல்லாமையால் அது நீங்குதல் எங்ஙனம்? எனவே அங்குக் கவை செல்ல இயலாமல் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டது. அப்புரதம் இல்லாத ஈயும் உயிர்வாழும், முட்டையிடும் என்பதும் கருதத்தக்கது. ஏடு செல்லரித்ததன்று, எழுதுவோன் கையைப் பிடித்து இவ்விடம் வேண்டா என்றவன் ஒருவன் உளன். அவன் பெயர் எஸ்.யு.யு.ஆர்.

கையைப் பிடித்தான் என்பது உவமையா, உண்மையா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முட்டையோட்டு உயிரணுக்களே உதவின. அங்குத் தொடக்கம் ஓரிடத்தில் நிகழ்ந்து முடிந்தபின், கவைகள் இருபுறமும் செல்வது மட்டும் எஞ்சும். எனவே கவை எவ்வளவு தொலைவு சென்றது என்பதை அளப்பதற்கு அதனினும் ஏற்ற களம் இல்லை. ஜாரெட் நார்ட்மன், டெரி ஆர்-வீவர் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எஸ்.யு.யு.ஆர். இல்லாதபோது கவைகள் நெடுந்தொலைவு சென்றன. அது மிகுந்தபோது அணித்தே நின்றன. அப்புரதம் கவையோடு உடன் இருந்ததும் அறியப்பட்டது. 2018இல் நார்ட்மன் குழுவினர் மேலும் ஒருபடி சென்றனர். எஸ்.யு.யு.ஆரோடு சேர்ந்திருக்கும் புரதம் எது எனத் தேடியபோது ரிஃப்1 என்பது அகப்பட்டது. இனி இவ்விருவருள் தடுப்பவர் யார்?

அவர்கள் காட்டிய ஏரணம் சுவடி ஒப்புநோக்குவார்க்குச் சுவை தருவது. எஸ்.யு.யு.ஆரை நீக்கினால் ரிஃப்1 கவையிற் காணப்படவில்லை. ரிஃப்1ஐ நீக்கினால் எஸ்.யு.யு.ஆர். கவையில் இருந்தது, ஆயினும் கவை தடையின்றி ஓடியது. எனவே எஸ்.யு.யு.ஆர். தானே தடுப்பதன்று, தடுப்பவனை அழைத்து வருவது, தடுப்பது ரிஃப்1. அதுவும் வெறுங்கையால் தடுப்பதில்லை. இரட்டித்தற் பொறியின் புரதங்கள்மேல் பாஸ்பேட்டு ஏறும்போது அவை ஊக்கம் பெறும். அப்பாஸ்பேட்டைக் களையும் நொதியொன்றைப் பற்றும் உறுப்பு ரிஃப்1இல் உண்டு. அவ்வுறுப்பை மாற்றியமைத்தபோது தடையும் நீங்கியது.

ரிஃப்1இன் தொழில் சுரப்பியோடு நின்றுவிடவில்லை. பதின்மூன்று முறை விரைந்து பெருகிய கருவில் பதினான்காம் முறை இரட்டித்தல் திடீரெனத் தளர்ந்து ஒருமணி நேரத்தை நெருங்கும். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் கடைசியில் இரட்டிக்கும். செல்லர், ஓஃபாரல் என்போர் 2018இல் ரிஃப்1 இல்லாத கருக்களை ஆராய்ந்தபோது இத்தளர்ச்சி சுருங்கியதையும், அப்பகுதிகள் முந்தியே இரட்டித்ததையும் கண்டனர். சுரப்பியில் முற்றும் விடச்செய்த புரதம் கருவிற் பின்னர் எழுதச்செய்கிறது.

இனிப் பெயர்பற்றிச் சில சொல்ல வேண்டும். மொழியாராய்ச்சியாளர் தலையிட வேண்டிய இடமும் அதுவே. எஸ்.யு.யு.ஆர். என்பதன் விரிவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குறையிரட்டிப்பை ஒடுக்குவது’ என்றாகும். அப்பெயரைக் கண்ட மாணவர், இப்புரதம் குறையை நீக்கி முழுமை செய்வது என்றே கொள்வர். உண்மை இதற்கு நேர்மாறு: குறையை உண்டாக்குவதே இது. மயக்கத்திற்குக் காரணம் பழ ஈ ஆராய்வாரின் பெயரிடு மரபு. மரபணு கெட்டால் என்ன நேருமோ அதனையே அவர்கள் அம்மரபணுவிற்குப் பெயராக்குவர். மார்கன் கண்ட மரபணுவிற்கு ‘வெள்ளை’ என்று பெயர். அது நன்னிலையில் இருப்பின் கண் சிவப்பாகும்! வளையத்தை ஏற்றும் துணைப் புரதம் ஒன்றற்கு, நிற்கும் வண்டியின் பக்கத்தே மற்றொரு வண்டியை நிறுத்தும் செயலாற் பெயரிட்டுள்ளனர். தியாகராயநகர்ப் பாண்டிபசாரில் நடந்தார்க்கு அதன் பொருளை விளக்க வேண்டா. ஆயின் அப்பெயர்கொண்டு புரதத்தின் தொழிலை அறிதல் அரிது.

இத்தகைய பெயர்களை அப்படியே பெயர்த்தல் பிழையான அறிவைத் தமிழில் ஊன்றிவிடும். பொருள் நோக்கிப் பெயரிடலே தக்கது. எஸ்.யு.யு.ஆரைத் ‘தடையழைப்பி’ எனலாம். எழுத்துகளைக் கூட்டிச் ‘சூர்’ என்று படிக்கலாமே என்றார் நண்பர் ஒருவர், ஆயின் அச்சொல்லுக்கு நம்மிடம் வேறு வரலாறு உண்டு. ரிஃப்1 என்பதன் விரிவோ, ஈஸ்ட்டில் அது சேர்ந்திருந்த மற்றொரு புரதத்தின் பெயரைச் சொல்வதன்றித் தன் தொழிலைச் சொல்லுவதன்று. ஆதலின் அதனை ஒலிபெயர்த்து நிறுத்தி, ‘கவைத் தடுப்பி’ என்னும் விளக்கத்தை உடன் தரலாம். முறுக்கவிழ் நொதி, பிரிபொறி, கவை, குறையிரட்டிப்பு ஆகியவற்றை வகுப்பில் ஈராண்டாக வழங்கிவருகிறேன். இவற்றுள் பிரிபொறி என்பதை மட்டும் உயிரியல் பயின்ற மாணவர் ஏற்கவில்லை. பொறி என்பது ஐம்பொறியை நினைவூட்டுகிறது என்பது அவர்கள் கூறும் தடை. ‘பிரிப்பி’ எனச் சுருக்கலாமா என எண்ணிவருகிறேன்.